படுக்கையருகே பதினைந்து நிமிடம்

கடும் நோயில் படுத்திருப்பவரைச் சபையார் பார்க்கப் போவதற்கு முன், வீட்டாரைத் தொலைபேசியில் அழைத்து, இன்று வரலாமா, எந்த நேரம் தோது, யார் வந்தால் அவருக்குப் பிடிக்கும் என்று கேட்டுவிடுவது எங்கள் வழக்கம். யாக்கோபு 5:14-இல் மூப்பர்களை வரவழைப்பது வியாதிப்பட்டவரேதான். அவர் கூப்பிடாமல் பத்துப் பேர் போய் நின்றால் களைப்புதான் கூடும். இரண்டு பேர், பதினைந்து நிமிடம். அது போதும்.

கீமோதெரபி எடுப்பவரென்றால் மருந்து ஏற்றிய தேதியையும் கேளுங்கள். பல மருந்துகளில் 7 முதல் 14 நாட்களுக்குள், தொற்றை எதிர்க்கும் வெள்ளை அணுக்கள் மிகவும் குறைந்துவிடும். சளி, இருமல் உள்ளவர் அப்போது போகவே கூடாது. போகிறவர் 20 விநாடியாவது சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். சென்ட் அடித்துக்கொள்ள வேண்டாம், அவருக்குக் குமட்டும். நீங்கள் இருக்கும்போது காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸைத் தொட்டால், ஜெபத்தை முடித்துவிட்டுப் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். உடனே மருத்துவமனைக்குச் சொல்ல வேண்டும். மருத்துவரைக் கேட்காமல் பாரசிட்டமாலும் கொடுக்கக் கூடாது, அது காய்ச்சலை மறைத்துவிடும்.

உள்ளே போனதும் நாற்காலியை இழுத்துப் போட்டு, அவர் கண் மட்டத்துக்கு உட்காருங்கள். யோபுவின் சிநேகிதர்கள் ஏழு நாள் பேசாமல் தரையில் உட்கார்ந்திருந்தார்கள், அதுவரை நல்ல துணை. வாயைத் திறந்து காரணம் சொல்லத் தொடங்கியபின்தான் அவர்கள் பாரமானார்கள். "விசுவாசம் இருந்தால் எழுந்துவிடுவீர்கள்" என்ற பேச்சும் அப்படித்தான். நாளைக்கு நோய் முற்றினால் தன் விசுவாசத்தில்தான் குறை என்று அவர் உள்ளுக்குள் ஒடிந்துபோவார்.

"ஜெபிக்கலாமா? எதற்காக ஜெபிக்கட்டும்?" என்று கேட்டால், பலர் சுகத்தை அல்ல, இன்றிரவு தூக்கத்தைக் கேட்பார்கள். அதற்கே ஜெபியுங்கள், இரண்டு நிமிடத்தில். எண்ணெய் பூசுவதாயிருந்தால் மூக்கில் ஆக்சிஜன் குழாய் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் நெற்றி வேண்டாம், புறங்கையில் ஒரு துளி போதும். ஆக்சிஜன் ஓடும் இடத்தில் எண்ணெய்ப் பசை எளிதில் தீப்பிடிக்கும். அந்த அறையில் மெழுகுவர்த்தியும் ஏற்றக் கூடாது. திருவிருந்து கொடுப்பதானால், விழுங்க முடியுமா என்று செவிலியரைக் கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

வலி மருந்து எடுப்பது அவிசுவாசம் என்று நினைத்து மார்ஃபினைத் தள்ளிப்போடும் விசுவாசிகள் இருக்கிறார்கள். 1967-இல் லண்டனில் மரணத் தறுவாயில் இருப்போரைப் பராமரிக்கும் செயின்ட் கிறிஸ்டோபர் இல்லத்தைத் (ஹாஸ்பிஸ்) திறந்த சிசிலி சாண்டர்ஸ் ஆழ்ந்த கிறிஸ்தவர். வலி வந்தபின் கொடுக்காமல், வலி வருமுன்பே நேரம் தவறாமல் மருந்து கொடுக்கச் சொன்னவர் அவர். மார்ஃபின் மலச்சிக்கலை உண்டாக்கும், அதற்கும் சேர்த்தே மருந்து கேட்டு வாங்க வேண்டும். இதை நோயாளி கூச்சப்பட்டுச் சொல்லமாட்டார்.

"எது வேண்டுமானாலும் சொல்லுங்கள்" என்று சொன்னால் யாரும் எதுவும் கேட்கப்போவதில்லை. "செவ்வாய் மூன்று மணியிலிருந்து ஆறு மணிவரை நான் இருக்கிறேன், நீங்கள் போய்த் தூங்குங்கள்" என்று பராமரிப்பவரிடம் சொல்லிப் பாருங்கள். முதல் வாரம் வீடு கொள்ளாமல் ஆள் வரும். மூன்றாம் மாதம் வாசலில் யாரும் இருக்கமாட்டார்கள். ஆகவே வருகைப் பட்டியலைப் போடும்போதே மூன்றாம் மாதத்துக்கும் பெயர் எழுதிவிட வேண்டும்.

கடைசி நாட்களில் சாப்பாட்டை ஊட்ட வற்புறுத்தாதீர்கள். உடல் ஏற்காது, புரையேறும். வாய் காய்ந்துபோவதுதான் அப்போது பெரிய அவஸ்தை. குழந்தைகளுக்கான மென்மையான பிரஷ்ஷைத் தண்ணீரில் நனைத்து, நன்றாக உதறிவிட்டு, தலையைச் சற்று உயர்த்தி ஒருபக்கமாகத் திருப்பி, உதடு, ஈறு, கன்னத்தின் உட்புறம் என்று மெல்லத் துடையுங்கள். சொட்டச் சொட்ட நனைத்தால் நீர் தொண்டைக்குள் போய்விடும். கடித்துக்கொண்டால் இழுக்காதீர்கள், தாடை தானாகத் தளரும்வரை பொறுங்கள்.

கண் மூடியிருந்தாலும் காது கேட்கக்கூடும். அவர் தலைமாட்டில் நின்று சவப்பெட்டி, அடக்க ஆராதனை என்று பேசாதீர்கள். இன்னார் வந்திருக்கிறேன் என்று பெயரைச் சொல்லிவிட்டு, அதன்பிறகு கையைத் தொடுங்கள்.