தெலே பி2: இரண்டாம் முறை என்னைத் தேற வைத்த மூன்று மணிச் சாப்பாடு

தெலே என்ற ஸ்பானிய மொழித் தேர்வின் பி2 நிலையை எழுதியிருந்தேன். நேற்று முன்தினம் முடிவு வந்தது. அப்தோ! தேர்ச்சி என்று அர்த்தம். முதல் முறை 100க்கு 71 வாங்கியும் தோற்றவள் நான். படித்தல், எழுதுதல் பிரிவில் 43. கேட்டல், பேசுதல் பிரிவில் 28. ஒவ்வொரு பிரிவிலும் தனியாக 30 வேண்டும் என்பது தெரிந்துதான் போனேன். ஆனாலும் அந்த 43 எப்படியாவது தூக்கிவிடும் என்று உள்ளுக்குள் ஒரு நம்பிக்கை. தூக்காது. இரண்டு மதிப்பெண்ணுக்காக மறுபடி முழுக் கட்டணம், மறுபடி நான்கு தாள்.

தெற்கு ஸ்பெயினில், கிரானாதா நகரத்தில் முதுகலை படிக்கிறேன். சய்தீன் பகுதியில் மூன்று ஸ்பானியப் பெண்களோடு ஒரே வீடு. அப்படியிருந்தும் முதல் ஆறு மாதத்தை வீணடித்தேன். ஊர்ப் பழக்கத்தில் பன்னிரண்டரைக்கே சோறு வடித்து, தட்டை அறைக்கு எடுத்துப்போய், காதில் பாட்காஸ்டை மாட்டிக்கொண்டு சாப்பிடுவேன். அவர்கள் மூன்று மணிக்குச் சமையலறை மேசையில் உட்காரும்போது நான் நூலகத்தில் இருப்பேன். பாட்காஸ்டில் நிறுத்தி நிதானமாகப் பேசியதெல்லாம் புரிந்தது. காது தேறிவிட்டது என்று நினைத்துவிட்டேன்.

தோற்ற பிறகு மாற்றியது ஒன்றைத்தான்: மூன்று மணிக்கு அவர்களோடு சாப்பிட்டேன்.

சாப்பாடு இருபது நிமிடம். அப்புறம் தட்டை எடுக்காமல் ஒரு மணி நேரம் பேச்சு. சோப்ரெமேசா என்று அதற்குப் பெயரே இருக்கிறது. அவர்களில் ஒருத்தி பக்கத்து மாகாணமான ஹாயேன்காரி. ஊருக்குப் போய்வரும்போதெல்லாம் ஐந்து லிட்டர் கேனில் வீட்டு ஆலிவ் எண்ணெய் கொண்டுவருவாள். தட்டில் மிஞ்சிய எண்ணெயை ரொட்டித் துண்டால் துடைத்துக்கொண்டே வாடகை, மழை, அம்மா என்று பேசுவாள். ‘ஏறக்குறைய’ என்று பொருள்படும் ‘மாஸ் ஓ மேனோஸ்’ அவள் வாயில் ‘மா ஓ மேனோ’ ஆகிவிடும். இந்தப் பக்கம் சொல்லின் கடைசி ‘ஸ்’ விழுந்துவிடும்; உயிரொலியை அகலத் திறந்து பன்மையைக் காட்டுவார்கள். இரண்டு வாரம் தலைவலிதான். மூன்றாம் மாதம் எண்ணெய் விலை பற்றி நானே அவளோடு வாக்குவாதம் செய்தேன். அந்த வேகத்துக்குப் பழகிய காதுக்குத் தேர்வு ஒலிப்பதிவு நிதானமாகக் கேட்டது. லத்தீன் அமெரிக்கக் குரல் வந்தபோதும் பதறவில்லை.

அதனால் சொல்கிறேன், நம்மூர் மாணவர்களோடு வீடு எடுக்காதீர்கள். சாம்பார் கிடைக்கும், பேச்சு கிடைக்காது. கூச்சம் உள்ளவர்களுக்கு இன்னும் அழுத்திச் சொல்வேன். நானும் அப்படித்தான். வகுப்பில் வாய் திறக்காதவள் சாப்பாட்டு மேசையில் திறந்தேன்.

மற்றவை:

- ‘ட’வை மறந்து ‘த’ போடுங்கள். டொமேட்டோ இல்லை, தொமாத்தே.
- பெரோ என்றால் ‘ஆனால்’, பெறோ என்றால் ‘நாய்’. ர, ற வித்தியாசம் நாக்கில் இருப்பவர்களுக்கு இது சுலபம்.
- தவறான விடைக்கு மதிப்பெண் கழிக்க மாட்டார்கள். ஒரு கட்டத்தையும் காலியாக விடாதீர்கள்.
- எழுத்துத் தாளின் முதல் பணியான கடிதமும் ஒலிப்பதிவைக் கேட்டுத்தான் எழுத வேண்டும். காது சரியில்லை என்றால் அங்கேயும் அடி விழும்.
- முடிந்தால் ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் உட்காருங்கள். முதல் முறை நான் கடைசி வரிசை, ஜன்னலோரம். தெருவில் போன மோட்டார் சைக்கிள் ஒரு விடையை விழுங்கிவிட்டது.
- பேச்சுத் தேர்வுக்கு முன் தரும் 20 நிமிடத்தில் முழு வாக்கியம் எழுதாதீர்கள். பார்த்து வாசிக்க விட மாட்டார்கள். ஏழெட்டுச் சொற்கள் போதும்.

பேச்சுத் தேர்வின் மூன்றாம் பணிக்குத் தயாரிப்பு நேரமே கிடையாது. முதல் முறை அங்கேதான் உறைந்துபோனேன். இந்த முறை கருத்துக்கணிப்புத் தாளைப் பார்த்துவிட்டு ‘ப்வேஸ்... எஸ் கே...’ என்று இழுத்தேன். மேசையில் எல்லோரும் யோசிக்கும்போது இழுப்பது அப்படித்தான். தேர்வாளர் குறுக்கே ஒரு கேள்வி போட்டார். நான் மறுத்தேன். அவர் இன்னொன்று கேட்டார், அதற்கும் என்னிடம் பதில் இருந்தது. நேரம் முடிந்ததை அவர்தான் சொல்ல வேண்டியிருந்தது.