64 பேருக்கு ஒரு பட்ஜெட்

மும்பை தாராவியில் இட்லி வியாபாரம் செய்யும் ஆச்சிக்குச் சுகர் பார்க்க, போன மாதம் விரலில் மூன்று தடவை குத்தியும் ரத்தம் வரவில்லை. முப்பது வருஷமாக ராத்திரி மாவரைத்து, விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து அவித்து, கொதிக்கிற தட்டைக் கையாலேயே தூக்கி இறக்கிய விரல்கள். நுனியெல்லாம் காய்த்துப்போய்விட்டது. “ஏட்டி, நல்லா அழுத்திக் குத்து, எனக்கு வலிக்காது” என்றார். கையைத் தொங்கப்போடச் சொல்லி, உள்ளங்கையிலிருந்து நீவிவிட்டு, மோதிர விரலின் பக்கவாட்டில் குத்தினேன். கடுகளவு ஒரு சொட்டு வந்தது. ஸ்ட்ரிப்பின் ஓரத்தை வைத்ததும் உறிஞ்சிக்கொண்டது. ஐந்து எண்ணுவதற்குள் மீட்டரில் 312.

நோட்டைப் புரட்டினேன். அவருடைய பக்கத்தில் அதற்கு முந்தைய நான்கு வரிகள்: 188, 194, 203, 261. ஏறிக்கொண்டே வந்திருக்கிறது. “மாத்திரை ஒழுங்கா போடுதியளா ஆச்சி?” என்றால் முதலில் “போடாம என்ன” என்றார். டீ குடித்துவிட்டுக் கிளம்பும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். மாநகராட்சி டிஸ்பென்சரியில் மாத்திரை இலவசம்தான். ஆனால் அது திறந்திருக்கும் நேரத்தில் ஆச்சி தலையில் பாத்திரத்தோடு சயான் பக்கம் இட்லி விற்றுக்கொண்டிருப்பார். மாத்திரை தீரத் தீர பாதியாக உடைத்துப் போட்டிருக்கிறார். இரண்டு மாதமாக.

மாதம் இரண்டு சனிக்கிழமை எங்கள் பெண்கள் குழு இப்படிச் சுகர் பார்க்கிறது. முதல் சனிக்கிழமையே கேட்டிருந்தால் ஆச்சி இதைச் சொல்லியிருக்க மாட்டார். பதினோராவது சனிக்கிழமையில்தான் சொன்னார். திங்கட்கிழமையே எங்கள் பெண் ஒருத்தி அவருடைய கேஸ் பேப்பரை எடுத்துக்கொண்டு கூடவே போனாள். டாக்டர் மாத்திரையை மாற்றி எழுதிக் கொடுத்தார்.

அந்தப் பதினோராவது சனிக்கிழமைக்கு யார் பணம் கொடுப்பார்கள்? மும்பையிலேயே ஆன்டாப் ஹில்லிலிருந்தும் சீத்தா கேம்ப்பிலிருந்தும் நம்ம ஊர்ப் பெண்கள் குழு நடத்துகிறவர்கள் என்னிடம் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள், “உங்களுக்கு எப்படி அக்கா கிராண்ட் கிடைத்தது, எங்கே எழுதிப்போட வேண்டும்” என்று. போனில் துண்டு துண்டாகச் சொல்லி முடியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

நாங்கள் பதினோரு பெண்கள், எல்லோரும் தாராவி. 2017-ல் வொர்லியில் உள்ள சாரிட்டி கமிஷனர் அலுவலகத்தில் டிரஸ்ட்டாகப் பதிந்தோம். முதல் சுகர் மெஷின் சீட்டுப் பணத்தில் வாங்கியது. பெரிய கம்பெனி ஒன்று ஒரு நாள் கேம்ப் நடத்தப் பணம் கொடுத்தது. பந்தல், பேனர், தொப்பி, பிஸ்கட் எல்லாம் வந்தது. 410 பேர் வந்தார்கள். போட்டோ எடுத்தார்கள், ரிப்போர்ட் போனது, அவர்கள் கணக்கில் வேலை முடிந்தது. எங்கள் கையில் ஒரு தாள் மிஞ்சியது. அதில் சுகர் 200-க்கு மேல் காட்டிய 71 பேர். அவர்களில் பாதிப் பேருக்கு அன்றைக்குத்தான் தெரியும், தனக்குச் சுகர் இருக்கிறது என்று. தெரிந்த பிறகு என்ன செய்வது என்று சொல்ல மறுநாள் அங்கே யாரும் இல்லை.

அந்தத் தாளை வைத்துக்கொண்டு ஐந்து வாரம் சந்து சந்தாக அலைந்தோம். போன் நம்பர் பாதி தப்பு. சிலர் ஊருக்குப் போய்விட்டார்கள். 39 பேரைக் கண்டுபிடித்தோம். அவர்களைப் பார்த்து அக்கம்பக்கத்தார் சேர்ந்து 64 ஆனது. மாதம் இரண்டு சனிக்கிழமை சுகர், பிரஷர் பார்ப்பது, எழுதி வைப்பது, வராதவர் வீட்டுக்குப் போய் ஏன் வரவில்லை என்று கேட்பது. எங்கள் திட்டம் அவ்வளவுதான்.

இந்த 64-ஐ எழுதிக்கொண்டு நான்கு இடத்தில் கேட்டோம். எல்லோரும் முதலில் கேட்டது ஒரே கேள்வி: “எத்தனை பேர் பயனடைவார்கள்?” ஒருவர் குறைந்தது 2,000 வேண்டும் என்றார். நாங்கள் கேட்ட கிட்டத்தட்ட இரண்டு லட்சத்துக்கு 64 பேர் என்றால் தலைக்கு மூவாயிரத்துக்கு மேல் வருகிறது, கேம்ப் என்றால் தலைக்கு நானூறில் முடியுமே என்று கணக்குப் போட்டுக் காட்டினார்கள்.

சரி, முதலில் காகிதங்கள். இவை இல்லாமல் யாரும் உட்காரக்கூடச் சொல்ல மாட்டார்கள். டிரஸ்ட் பதிவு, பான், வருமான வரித் துறையில் 12ஏ, 80ஜி என்று எல்லோரும் சொல்கிற வரிவிலக்குப் பதிவுகள், மூன்று வருஷ ஆடிட் கணக்கு. அரசு கிராண்ட்டுக்கு நிதி ஆயோக்கின் தர்ப்பன் தளத்தில் பதிந்த எண். கம்பெனிகள் சமூகத்துக்கென்று செலவிடும் பணத்துக்கு, அதாவது சிஎஸ்ஆருக்கு, சிஎஸ்ஆர்-1 என்ற படிவம். 2021 ஏப்ரலிலிருந்து அது கட்டாயம். ஆடிட்டருக்குக் கொடுக்கும் பணத்தில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். எங்களை ஒரு வருஷம் பின்னால் தள்ளியது தாமதமான ஆடிட்தான்.

வெளிநாட்டுப் பணம் சின்னக் குழுக்களுக்கு இப்போதைக்கு இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டு நன்கொடை வாங்குவதற்கான எஃப்சிஆர்ஏ சட்டப் பதிவுக்கு மூன்று வருஷத்தில் 15 லட்சம் செலவு செய்திருக்க வேண்டும். முன்பு பெரிய அமைப்பு வாங்கி நம்மைப் போன்றவர்களுக்குப் பிரித்துத் தரும். 2020-ல் வந்த திருத்தத்தோடு அந்த வழியும் அடைபட்டது.

அரசு வழியில் நகர்ப்புற சுகாதார இயக்கத்தில் மகிளா ஆரோக்கிய சமிதி என்று ஓர் ஏற்பாடு இருக்கிறது. 50 முதல் 100 வீட்டுக்கு ஒரு பெண்கள் குழு, வருஷத்துக்கு 5,000 ரூபாய், எதற்குச் செலவு செய்வது என்று குழுவே முடிவு செய்யலாம். தொகை சின்னதுதான். ஆனால் உங்கள் வார்டில் அது இருக்கிறதா என்று மாநகராட்சியின் ஹெல்த் போஸ்ட்டில் கேளுங்கள். அங்கே நம் பெண்கள் இருந்தால் மாத்திரை இல்லை, மெஷின் இல்லை என்பதை உள்ளே உட்கார்ந்து சொல்லலாம். ஜனவரி மூன்றாவது ஞாயிறு நடக்கும் மும்பை மாரத்தானிலும் அமைப்புகள் பணம் திரட்டுகின்றன. ஓடுகிற ஆளும் அவருக்காகப் பணம் போடுகிற நண்பர்களும் வேண்டும். எங்களுக்கு அப்படி ஆட்கள் இல்லை.

மிஞ்சுவது சிஎஸ்ஆர். இதைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும்.

2013 கம்பெனிகள் சட்டத்தின் 135-வது பிரிவு, அதன் வரம்புக்குள் வரும் கம்பெனிகள் மூன்று வருஷ சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகத்துக்குச் செலவிட வேண்டும் என்கிறது. எதற்குச் செலவிடலாம் என்று ஏழாவது அட்டவணை சொல்கிறது. அதில் முதல் வரியிலேயே ‘நோய் வருமுன் காக்கும் மருத்துவம்’ இருக்கிறது. தான் இயங்கும் இடத்துக்கும் அதன் சுற்றுப்புறத்துக்கும் முன்னுரிமை தர வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. எங்கள் மொட்டை மாடியில் துணி காயப்போடும்போது மித்தி ஆற்றுக்கு அந்தப் பக்கம் பிகேசி என்ற பாந்த்ரா குர்லா காம்ப்ளெக்ஸில் பெரிய கம்பெனிகளின் கண்ணாடிக் கட்டடங்கள் தெரியும். அந்தக் கட்டடங்களுக்குச் சுற்றுப்புறம் என்றால் நாங்கள்தான். இப்போது எங்கள் விண்ணப்பத்தில், நாங்கள் சுகர் பார்க்கும் அறைக்கும் அந்தக் கம்பெனி அலுவலகத்துக்கும் எத்தனை கிலோமீட்டர் என்று முதல் பக்கத்திலேயே எழுதுகிறோம்.

இரண்டாவது, ‘தொடர் திட்டம்’ என்ற சொல். சட்டத்தில் அது தனி வகை. தொடங்கிய வருஷம் போக இன்னும் மூன்று வருஷம் வரை போகலாம். அந்த வருஷம் செலவாகாத பணத்தை மார்ச் முடிந்து 30 நாளுக்குள் தனிக் கணக்கில் போட்டு அதே திட்டத்துக்கு வைத்துக்கொள்ளலாம். தொடர் திட்டம் இல்லையென்றால் செலவாகாத பணம் அரசு சொல்லும் நிதிக்குப் போய்விடும். அதனால் ஜனவரி பிறந்ததும் பல கம்பெனிகளில் அவசரம். அந்த அவசரத்தில் கேம்ப்தான் கேட்பார்கள், ஒரே நாளில் செலவு காட்டலாம் என்பதால். சுகருக்கும் பிரஷருக்கும் ஒரு நாள் போதாது. நீங்கள் செப்டம்பரிலேயே போங்கள், மூன்று வருஷத் தொடர் திட்டமாகக் கேளுங்கள்.

அப்புறம் பட்ஜெட். மாத்திரை வேண்டாம் என்று எடுத்துவிட்டோம். மாநகராட்சி டிஸ்பென்சரியில் இலவசமாகக் கிடைப்பதற்கு இன்னொருவரிடம் ஏன் கேட்க வேண்டும்? ஆச்சிக்கு அந்த மாத்திரை போய்ச் சேரவில்லை. போய்ச் சேர்வதற்கான பணத்தைத்தான் கேட்டோம். 64 பேர், 24 சனிக்கிழமை, 1,536 ஸ்ட்ரிப். லான்செட் என்ற குத்தூசியோடு ஒன்றுக்கு 20 ரூபாய் வைத்து 30,720. சுகரின் மூன்று மாதச் சராசரி காட்டும் எச்பிஏ1சி பரிசோதனை வருஷத்துக்கு இரண்டு தடவை, லேபில் பேசி 300 ரூபாய்க்கு முடித்தது, 38,400. பிரஷர் மெஷின் இரண்டு, 4,400. அறை வாடகை 12,000. ஆடிட் 15,000. வீட்டுக்கு வீடு போகும் இரண்டு பெண்களுக்கு மாதம் 4,000 வீதம் 96,000. மொத்தம் 1,96,520 ரூபாய்.

எங்களுக்குக் கடைசியில் பணம் கொடுத்த கம்பெனியும் அந்த 96,000-ஐத்தான் முதலில் கோடு போட்டு அடித்தது. “நிர்வாகச் செலவு 5 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது, சட்டம்” என்றார்கள். இதைப் பல குழுக்களும் கேட்டிருப்பீர்கள். பயந்து பெண்களின் சம்பளத்தை வெட்டிவிட்டு, இலவசமாக உழைப்பார்கள் என்று எழுதிக் கொடுத்திருப்பீர்கள். நாங்களும் இரண்டு இடத்தில் அப்படித்தான் எழுதினோம். அது தப்பு. அந்த 5 சதவீத வரம்பு கம்பெனி தன் சிஎஸ்ஆர் பிரிவை நடத்தத் தனக்குச் செய்துகொள்ளும் பொது நிர்வாகச் செலவுக்கு. ஒரு குறிப்பிட்ட திட்டத்தை நடத்தவும் கண்காணிக்கவும் நேரடியாக ஆகும் செலவு அதில் சேராது என்று சிஎஸ்ஆர் விதியில் ‘நிர்வாகச் செலவு’ என்ற சொல்லுக்கான விளக்கத்திலேயே இருக்கிறது. அந்தப் பக்கத்தைப் பிரிண்ட் எடுத்து, அந்த இரண்டு வரிக்கு அடிக்கோடு போட்டுக் கொண்டுபோனோம். அந்த இரண்டு பெண்கள்தான் எங்கள் திட்டம். மீட்டர் வெறும் கருவி. அவர்கள் இல்லையென்றால் ஆச்சி மாத்திரையை உடைத்துக்கொண்டே இருப்பார்.

தலைக்கு மூவாயிரம் என்ற கேள்விக்கும் பதில் எடுத்துப் போனோம். தலையை எண்ணாதீர்கள், தடவையை எண்ணுங்கள் என்றோம். 1,536 தடவை ஒரு மனிதரை உட்காரவைத்துக் கை பிடித்துப் பார்க்கிறோம். ஒரு தடவைக்கு 128 ரூபாய். முன்பெல்லாம் விண்ணப்பத்தை இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் என்ற, இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் (ஐசிஎம்ஆர்) ஆய்வுக் கணக்கில் தொடங்குவேன். எல்லா விண்ணப்பமும் அப்படித்தான் தொடங்கும். இந்தத் தடவை பெயரை மறைத்து ஒருவருடைய நோட்டுப் பக்கத்தை அப்படியே ஜெராக்ஸ் எடுத்து மேலே வைத்தேன். 24 வரிக்கு இடம். 13-ல் எண் எழுதியிருந்தது, 11 காலி. ஸ்ட்ரிப் வாங்கப் பணம் இல்லாமல் போன சனிக்கிழமைகள் அவை. கம்பெனி அதிகாரி அந்தக் காலி வரிகளை விரலால் தொட்டு எண்ணினார். இரண்டு வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை தாராவிக்கே வந்து, மூன்று மணி நேரம் எங்களோடு பாயில் உட்கார்ந்திருந்தார். அடித்த வரியைத் திருப்பிச் சேர்த்தார்கள். தொடர் திட்டமாகவே எழுதிக் கையெழுத்தானது.

நேற்று ஆச்சிக்கு 209. இன்னும் இறங்க வேண்டும். முழு மாத்திரை போடுகிறார். அவர் பின்னாலேயே ஒரு தம்பி வந்து நின்றார், தோல் பட்டறையில் பை தைக்கிறவர், வயது 34. ராத்திரி நாலைந்து தடவை எழுந்திருக்கிறேன், ஆச்சிதான் இங்கே போகச் சொன்னார்கள் என்றார். விரல் மிருதுவாக இருந்தது, ஒரே குத்தில் வந்துவிட்டது. 246. புதுப் பக்கம் திருப்பி 65 என்று எழுதினேன். இருபத்து நாலு ஸ்ட்ரிப் 480, எச்பிஏ1சி 600, ஆக 1,080 ரூபாய். திங்கட்கிழமை கம்பெனிக்கு எழுத வேண்டும்.