முதல் கவிதை எந்த இதழில் வந்தது?

ஒரு கவிஞரைப் பிடித்துப்போய்விட்டால் அவர் எழுதிய பழைய இதழ்களைத் தேடிப் போவேன். முழுத்தொகுப்பு அலமாரியிலேயே இருந்தாலும் இதழ்கள் வேண்டும் எனக்கு. தொகுப்பில் கவிதைகள் சுத்தமாக, வரிசையாக நிற்கும். ஒரு கவிதைக்குப் பக்கத்தில் வேறு யார் எழுதினார்கள், அடுத்த மாதம் யார் சண்டைக்கு வந்தார்கள், அதற்கப்புறம் அந்தக் கவிஞர் எவ்வளவு காலம் பேசாமல் இருந்தார் என்பதெல்லாம் இதழில்தான் தெரியும்.

இப்படிப் படிக்க 'எழுத்து' என்ற சிற்றிதழ் ஒரு புதையல். சி. சு. செல்லப்பா 1959 ஜனவரியில் தொடங்கி 1970 வரை 119 இதழ்கள் கொண்டுவந்தார். விமர்சனத்துக்கென்று ஆரம்பித்தது, போகப்போகப் புதுக்கவிதையின் வீடாகிவிட்டது. முதல் வருடத்திலேயே பசுவய்யா என்ற பெயரில் சுந்தர ராமசாமி கவிதை எழுதுகிறார். அடுத்த வருடம் திருகோணமலையிலிருந்து தருமு சிவராமு வருகிறார். அப்போது இருபது வயது. பின்னாளில் நாம் பிரமிள் என்று அறிந்தவர் இவர்தான். ஒரு வாசகராகக் கடிதம் எழுதி உள்ளே வந்த வெங்கட் சாமிநாதன், தமிழின் முக்கியமான விமர்சகர்களில் ஒருவரானார்.

இவர்கள் யாரும் ஒரே ஒரு படைப்போடு காணாமல் போகவில்லை என்பதைத்தான் கவனிக்கிறேன். செல்லப்பா மறுபடி மறுபடி இடம் கொடுத்தார். கவிதைக்குக் கவிதை, கட்டுரைக்குக் கட்டுரை. 1962இல் அந்தக் கவிதைகளிலிருந்து தேர்ந்தெடுத்து ஒரு தொகுப்பும் போட்டார். புத்தகங்களைத் தானே சுமந்துகொண்டு கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றார். ஒரு எழுத்தாளர் உருவாவது என்பது, இன்னொருவர் இத்தனை வருடங்கள் அவருக்காகப் பக்கம் ஒதுக்கி வைப்பது. திறமை வேண்டும்தான். ஆனால் திறமை மட்டும் போதுமென்று பழைய இதழ்களைப் படித்த யாரும் சொல்ல மாட்டார்கள்.

சுந்தர ராமசாமியின் பாதையையே எடுத்துக்கொள்ளுங்கள். அவருடைய முதல் நாவல் விஜயபாஸ்கரன் நடத்திய 'சரஸ்வதி'யில் தொடராக ஆரம்பித்துப் பாதியில் நின்றது. 1966இல்தான் முழுசாகப் புத்தகமாயிற்று. பிறகு சில ஆண்டுகள் அவர் எழுதவே இல்லை. 1973 வாக்கில் திரும்பி வந்தார். 1988இல் 'காலச்சுவடு' தொடங்கினார். இதழ்களில் வளர்ந்தவர், அடுத்தவர்களுக்காக ஒரு இதழைத் தொடங்குகிறார்! தமிழில் இது திரும்பத் திரும்ப நடந்திருக்கிறது. கவிஞர் சி. மணி 'எழுத்து'வில் எழுதி, 'நடை' இதழ் நடத்தப் போனார். கவிஞர் ஆத்மாநாம் எழுபதுகளில் எழுத வந்தார், 1978இல் 'ழ' இதழைத் தொடங்கினார், 1984இல் இறந்துபோனார். வாழ்ந்த காலத்தில் வந்தது ஒரே ஒரு கவிதைத் தொகுப்பு. மொத்தக் கவிதைகளையும் சேர்த்துக் கொண்டுவந்தவர் பிரம்மராஜன். அவரும் 'மீட்சி' என்ற இதழை நடத்தியவர்.

சிற்றிதழ்களில் எழுதி யாருக்கும் சோறு கிடைக்கவில்லை. நகுலன் ஆங்கிலப் பேராசிரியர், ஞானக்கூத்தன் பொதுப்பணித் துறை, வண்ணதாசன் வங்கி. அசோகமித்திரன் ஜெமினி ஸ்டுடியோவை விட்ட பிறகு முழுநேர எழுத்தாளராகவே வாழ்ந்து, 'கணையாழி'யின் ஆசிரியப் பொறுப்பையும் நீண்ட காலம் சுமந்தார். தன் கதைக்கு உட்காரும் நேரத்தில் அடுத்தவர் கதையைப் படித்துத் திருத்திக்கொண்டிருந்தவர். அவரை நினைத்தால் எனக்கு மரியாதையோடு ஒரு துக்கமும் வரும். இன்னும் எத்தனை கதைகள் எழுதியிருப்பார்?

சமீபமாக 'மல்லிகை'யில் மூழ்கிக் கிடக்கிறேன். டொமினிக் ஜீவா 1966இல் யாழ்ப்பாணத்தில் தொடங்கியது. முடிதிருத்தும் தொழில் செய்துகொண்டே இதழ் நடத்திய மனிதர். அட்டையில் எழுத்தாளர்களின், கலைஞர்களின் படத்தைப் போடுவார். உயிரோடு இருக்கும்போதே ஒருவரைக் கௌரவித்துவிட வேண்டும் என்ற அவசரம் அதில் தெரிகிறது. போருக்கு நடுவிலும், கொழும்புக்கு இடம் மாறிய பிறகும் இதழ் வந்துகொண்டிருந்தது. இதையெல்லாம் வீட்டில் உட்கார்ந்து என்னால் படிக்க முடிகிறதென்றால் அதற்கு 'நூலகம்' இணையதளத்துக்காக ஒவ்வொரு பக்கமாக ஸ்கேன் செய்தவர்கள்தான் காரணம். அவர்களுக்கு எப்படி நன்றி சொல்வது!

சரி, இன்றைக்கு வருவோம். இன்று எழுத வருகிறவருக்கு இணைய இதழ்கள் நிறைய இருக்கின்றன. 'சொல்வனம்' 2009இலிருந்து வருகிறது. மலேசியாவில் 'வல்லினம்', அறிவியல் புனைவுக்கு 'அரூ', பெண் எழுத்துக்கு 'நீலி'. அனுப்பினால் பதில் வருகிறது, உலகமெங்கும் ஒரே நாளில் படிக்கிறார்கள். பிரமிளுக்குக் கிடைக்காத வசதி. ஆனால் ஒரு இளம் கவிஞர் ஐந்து இதழ்களில் ஐந்து கவிதை எழுதுகிறார், அந்த ஐந்தையும் சேர்த்து வைத்துப் பார்த்து, "உன் மூன்றாவது கவிதையில் ஒரு புதுக்குரல் கேட்டது, அதை ஏன் விட்டுவிட்டாய்?" என்று கேட்க ஒரு ஆசிரியர் வேண்டும். அப்படிக் கேட்கிறவர்கள் இன்றும் சிலர் இருக்கிறார்கள், எனக்கே ஒருவர் கிடைத்தார். அவர் கேட்ட கேள்விகளால்தான் என் இரண்டாவது கதை முதல் கதையைவிட நன்றாக வந்தது.

என் முதல் கதை இப்போது எங்கேயும் இல்லை. அதை வெளியிட்ட இணைய இதழ் சத்தமில்லாமல் நின்றுபோனது, பிறகு தளமும் போய்விட்டது. கதை என் கணினியில் பத்திரமாக இருக்கிறது, அது பிரச்சினையில்லை. என் கதைக்குக் கீழே வந்த பின்னூட்டங்கள் போயின. அதே இதழில் எழுதிய ஒரு பெண் கவிஞரின் ஆறேழு கவிதைகள் போயின. அவர் இன்னும் தொகுப்பு போடவில்லை. நாளைக்கு யாராவது அவருடைய ஆரம்பத்தைத் தேடினால் ஒன்றும் கிடைக்காது. 1960இல் அச்சான 'எழுத்து' கிடைக்கிறது, சில வருடங்களுக்கு முன் இணையத்தில் வந்தது கிடைக்கவில்லை!

ஆகவே இதழ் நடத்துகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு இதழையும் பிடிஎஃப் ஆக்கி ஏதாவது ஒரு மின்னூலகத்துக்குக் கொடுத்துவையுங்கள். நிறுத்துவதாக இருந்தால் தளத்தை மூடுவதற்கு முன் எழுதியவர்களுக்கு ஒரு மாதம் அவகாசம் கொடுத்து மின்னஞ்சல் அனுப்புங்கள். எழுதுகிறவர்கள் தங்கள் பக்கத்தை, பின்னூட்டங்களோடு, தேதியோடு சேமித்துக்கொள்ளுங்கள். தொண்ணூறுகளின் சிற்றிதழ்களை யாராவது பரணில் வைத்திருந்தால் சொல்லுங்கள். ஸ்கேன் செய்ய நான் வருகிறேன், அதே கட்டு கலையாமல் திருப்பித் தருகிறேன்.