3.18 என்று அச்சான ஈ.சி.ஜி.

மாரடைப்பு வந்து ஆஸ்பத்திரியில் இருந்த அப்பா வீட்டுக்கு வந்து பதினோரு நாள் ஆகிறது. டிஸ்சார்ஜ் சம்மரியில் ‘வந்த நேரம் 4.05’ என்று போட்டிருந்தார்கள். நாங்கள் எமர்ஜென்சி வாசலில் இறங்கியது 3.10-க்கு. அந்த 55 நிமிஷத்தை என்னால் விடமுடியவில்லை.

ராத்திரி 2 மணிக்கு மேல் நெஞ்சு இறுக்கம், இடது தோள் வலி, சட்டை நனைகிற வியர்வை. சென்னை கொளத்தூரில் எங்கள் தெருமுனை நர்சிங் ஹோமுக்குத்தான் முதலில் ஓடினேன். அது என் தப்பு. “கேஸ் ட்ரபிளா இருக்கும் சார்” என்று ஓர் ஊசி. ஈ.சி.ஜி. எடுக்கிறவர் காலையில்தான் வருவாராம். 25 நிமிஷம் போச்சு. தமிழக அரசின் ‘இதயம் காப்போம்’ திட்டம் வந்த 2023-இலிருந்து ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ஆஸ்பிரின், க்ளோபிடோகிரெல், அட்டோர்வாஸ்டாட்டின் என்ற மாரடைப்பு முதலுதவி மாத்திரைகளைக் கொடுத்துத்தான் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள். இங்கே ஓர் ஆஸ்பிரின்கூடக் கொடுக்கவில்லை.

அடுத்துப் போன பெரிய தனியார் ஆஸ்பத்திரியில் ஈ.சி.ஜி. சட்டென்று எடுத்தார்கள். “மேஜர் அட்டாக், உடனே ஆஞ்சியோ பண்ணணும்” என்றார் டூட்டி டாக்டர். அப்புறம் எல்லாம் கேஷ் கவுன்ட்டரில் நின்றுவிட்டது. ஒன்றரை லட்சம் கட்டினால்தான் கேத் லேப் (இதய ரத்தக்குழாய் அடைப்பைத் திறக்கிற அறை) ஆட்களை வீட்டிலிருந்து கூப்பிடுவார்களாம். இன்ஷூரன்ஸ் கார்டை நீட்டினேன். அந்த டெஸ்க் காலை 9 மணிக்குத்தான். என் கார்டில் லிமிட் போதவில்லை. வில்லிவாக்கத்திலிருந்து மச்சான் வந்து அவர் கார்டைத் தேய்த்தபிறகே ரசீது. அதில் மணி 4.05. அடைப்பைத் திறக்கப் பலூன் போட்டது 5.20.

வாசலில் நுழைந்த 90 நிமிஷத்துக்குள் அடைப்பைத் திறக்கவேண்டும் என்பது இதய மருத்துவர்கள் வைத்திருக்கும் கணக்கு. எங்களுக்கு ஆனது 130. அவர்கள் ஏட்டின்படி 75! அப்பாவின் இதயம் பம்ப் பண்ணும் அளவு இப்போது 38 சதவீதம். பாத்ரூம் போய்வந்தாலே மூச்சு வாங்கி உட்கார்ந்துவிடுகிறார்.

உங்கள் பக்கத்தில் ராத்திரியிலும் கேத் லேப் நடக்கிற ஆஸ்பத்திரி எது என்று இன்றைக்கே போன் பண்ணிக் கேட்டுவையுங்கள். கையில் பணம் இல்லையென்றால் 108-ஐக் கூப்பிட்டு சென்ட்ரல் எதிரே இருக்கும் அரசு ஆஸ்பத்திரியான ஜி.எச்.சுக்குப் போங்கள், டெபாசிட் பேச்சே கிடையாது. பலூனுக்கு நேரமாகும் என்றால் “அடைப்பைக் கரைக்கிற ஊசி போடலாமா டாக்டர்?” என்று கேளுங்கள். எனக்கு அன்றைக்கு அது தோன்றவே இல்லை.

ஈ.சி.ஜி. தாளை போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், மெஷின் அடித்த நேரம் அதிலேயே இருக்கும். தெரிந்த டாக்டருக்கு அனுப்ப என் தங்கை எடுத்த படத்தில் 3.18. அதை ரெக்கார்ட்ஸ் பிரிவில் காட்டி, எமர்ஜென்சி ரிஜிஸ்டரை எடுங்கள் என்று நின்றேன். மூன்று நடை நடக்கவேண்டியிருந்தது. நேற்று திருத்திய சம்மரி கைக்கு வந்தது: வந்த நேரம் 3.10.