ரக்கூன் வயிற்றுப் புழுவுக்கும் பூர்வீகம் உண்டு

ஜெர்மனியின் காஸல் நகரில் குடியேறிய முதல் வாரமே பக்கத்து வீட்டம்மா சொல்லிவிட்டார், குப்பைத் தொட்டி மூடிமேல் ஒரு கல்லை வையுங்கள் என்று. நான் கேட்கவில்லை. மறுநாள் காலை முற்றம் முழுக்கக் கோழி எலும்பு. ரக்கூன்! ஜெர்மன்காரர்கள் இதை 'கழுவும் கரடி' என்பார்கள்.

கண்ணைச் சுற்றிக் கறுப்பு முகமூடி போட்டதுபோல் இருக்கும் வட அமெரிக்க விலங்கு இது. 1934 ஏப்ரலில் இங்கே பக்கத்தில் எடர் ஏரிக் காட்டில் இரண்டு ஜோடியை வேண்டுமென்றே அவிழ்த்துவிட்டார்கள் (நாஜித் தலைவர் கோரிங் உத்தரவு என்பது வெறும் கட்டுக்கதை). 1945இல் பெர்லினுக்குக் கிழக்கே ரோமத்துக்காக ரக்கூன் வளர்த்த ஒரு பண்ணையில் குண்டு விழுந்து இருபது சொச்சம் தப்பின. இப்போது ஜெர்மனியில் வேட்டைக் கணக்கில் வருவது மட்டுமே ஆண்டுக்கு சுமார் 2 லட்சம்.

மரபணுவைப் பார்த்தபோதுதான் இந்த இரண்டு கதையும் போதாது என்று தெரிந்தது. மத்திய ஜெர்மனியின் ஹார்ட்ஸ் மலைக் கூட்டம் எடர் ஏரிக் கூட்டத்தின் வாரிசு இல்லை, வேறெங்கோ தப்பியவற்றின் வழி. நாலைந்து விலங்கில் தொடங்கிய கூட்டத்தில் அந்த நாலைந்து கொண்டுவந்த மரபணு வகைகள்தான் இருக்கும், அதனால் யார் எந்த வம்சம் என்று பிரித்துவிட முடிகிறது.

எனக்குப் பிடித்தது இதன் குடலில் இருக்கும் உருளைப்புழுதான். முன்னோர் வயிற்றில் இருந்தால் பேரனுக்கும் வரலாம், இல்லாவிட்டால் கூட்டத்துக்கே கிடையாது. இங்கேயும் ஹார்ட்ஸிலும் புழு ஏராளம், குண்டு விழுந்த பண்ணையின் வழிவந்த கிழக்குக் கூட்டத்திலோ நெடுங்காலம் அது கண்ணில் படவே இல்லை. தப்பியோடியவற்றிடம் புழு இல்லாமல் இருந்திருக்கலாம், இருந்தும் பரவாமல் செத்திருக்கலாம். எப்படியோ, எல்லாம் ஒரு கைப்பிடி விலங்குகளின் அதிர்ஷ்டம். ஆனால் கூட்டங்கள் இப்போது நடுவில் சந்தித்துக் கலக்கின்றன, ரக்கூன் போனால் புழுவும் கூடவே போகும்.

போனால் என்ன என்று கேட்காதீர்கள். ஒரு பெண் புழு நாளொன்றுக்கு லட்சத்துக்கு மேல் முட்டையிடும், ரக்கூன் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப மலம் கழிக்கும், சில வாரத்தில் முட்டை தொற்றும் பக்குவத்துக்கு வந்துவிடும். மனிதர் விழுங்கினால் முட்டையிலிருந்து வரும் லார்வா, அதாவது இளம்புழு, மூளைக்கே போகலாம். அபூர்வம்தான், ஆனால் மண்ணில் விளையாடும் குழந்தைகளுக்கு நேர்ந்திருக்கிறது.

சரி, என் வீட்டுப் பரணில் காய்ந்து கிடந்த ரக்கூன் மலக் குவியலுக்கு வருகிறேன். பிளீச் ஊற்றலாம் என்றிருந்தேன். அதற்கெல்லாம் அந்த முட்டை சாகாதாம், கொதிக்கக் கொதிக்க வெந்நீர்தான் வேண்டுமாம். சொன்னது அதே பக்கத்து வீட்டம்மா. இந்தத் தடவை கேட்டுக்கொண்டேன்.