எஃகுக்குள் எவ்வளவு வாயு?

கேரள எல்லையில் வாளையாரைத் தாண்டினால் கஞ்சிக்கோடு, இரும்பு உருக்கும் ஆலைகள் இருக்கும் ஊர். அங்கே ஆலை லேபில் வேலை என்றால் கார்பன், சிலிக்கான் பார்ப்பதாகத்தான் நினைக்கிறார்கள். எஃகுக்குள் ஆக்சிஜன், நைட்ரஜன், ஹைட்ரஜனும் மாட்டியிருக்கும் என்றால் நம்ப மறுக்கிறார்கள்.

ஆக்சிஜன் பார்க்க, சின்னத் துண்டை அரத்தால் ராவி, அசிட்டோனில் கழுவி, இடுக்கியால் மட்டுமே பிடித்து (கை பட்ட பிசுக்கே கணக்கைக் கெடுத்துவிடும்), ஏற்கனவே காய்ச்சி வாயு நீக்கிய கிராஃபைட் மூசையில் (உருக்கும் கிண்ணத்தில்) போட வேண்டும். ஹீலியம் ஓட்டத்தில் அது உருகும்போது ஆக்சிஜன் மூசையின் கார்பனோடு சேர்ந்து கார்பன் மோனாக்சைடாக வெளியேறும், அதை அகச்சிவப்பு உணரி பிடித்துவிடும். நைட்ரஜனுக்கு வெப்பக் கடத்துத்திறன் உணரி.

தலைவலி ஹைட்ரஜன்தான். அறை வெப்பத்திலேயே நழுவிப் போகிற சரக்கு, அதனால் உலையிலிருந்து எடுத்த மாதிரியை உடனே தண்ணீரில் குளிரவைத்து, அப்புறம் திரவ நைட்ரஜனில் போட்டு வைக்க வேண்டும். 2 பிபிஎம் (பத்து லட்சத்தில் 2 பங்கு) தானே என்று விட முடியாது, கனமான ஃபோர்ஜிங் (அடித்து உருவாக்கிய எஃகுப் பாகம்) உள்ளுக்குள் விரிசல் விட அதுவே போதும். ஆனால் உலைப் பக்கத்துச் சேட்டன் ஒருவர் மாதிரியைச் சட்டைப் பையில் போட்டு, சாயா குடித்துவிட்டு நிதானமாகக் கொண்டு வருவார். "சேட்டா, இதில் அளக்க என்ன மிச்சம் இருக்கும்?" என்றால் சிரிப்பார்.