வயதாகாத வீடுகளின் ஓவியங்கள்

புதுச்சேரிக் கடற்கரைச் சாலையை ஒட்டிய கடைகளில் விற்பனைக்குத் தொங்கும் ஓவியங்களில் வீடுகளுக்கு வயதாவதே இல்லை. மஞ்சள் சுவர், காகிதப்பூக் கொடி, சாத்திய நீலக் கதவு. உள்ளே எவரும் இருமுவதாகத் தோன்றாது. ஆனால் இந்த ஊரின் பழைய வீடுகளில் உப்புக்காற்றும் தரையீரமும் ஏறிய சுண்ணாம்புக் காரை, முழங்கால் உயரம் வரை வெள்ளைப் பொடியாகப் பூத்து, விரல் பட்டாலே உதிர்கிறது. அதை மறைக்கச் சிமெண்ட் பூசினால், வெளியேற வழியில்லாத ஈரம் சுவரில் இன்னும் மேலே ஏறிவிடுகிறது. 2014 நவம்பர் மழையில், பிரெஞ்சுக்கால நகராட்சிக் கட்டடமான மேரி கட்டடம் இடிந்து விழுந்தது; பழைய வடிவிலேயே மீண்டும் எழுப்பப்பட்டு 2021இல் திறக்கப்பட்டது. அது இப்போது அந்தக் கடை ஓவியங்களைப் போலவே இருக்கிறது. (அழகாக இல்லை என்று நான் சொல்லவில்லை.)

வீட்டின் முதுமையை வரைய அதன் முகப்பைவிட உட்புறமே பொருத்தமானது என்று எனக்குத் தோன்றுகிறது. லண்டனின் கிழக்குப் பகுதியில் இடிக்கப்படவிருந்த ஒரு வீட்டின் உட்புறத்தைக் கான்கிரீட்டால் வார்த்து, பிறகு வெளிச்சுவர்களை நீக்கி, அறைகளின் வெற்றிடத்தையே திடப்பொருளாக நிற்க வைத்தார் ஆங்கிலேயச் சிற்பி ரேச்சல் வைட்ரீட். 1993இல் உருவான அந்தப் படைப்பை 1994 சனவரியிலேயே இடித்துவிட்டார்கள். 1937இல் அலிகாரில் பிறந்து, வாழ்வின் பெரும்பகுதியை வெளிநாடுகளில் கழித்த ஓவியர் சரீனா ஹாஷ்மி, 1999இல் வீட்டைப் பற்றி 36 மரச்செதுக்கு அச்சுகளைச் செய்தார். கறுப்புக் கோடுகள், ஒவ்வொன்றின் கீழும் ஓர் உருதுச் சொல், அவ்வளவுதான். விட்டுவந்த வீட்டை நினைவிலிருந்து எடுத்தெழுத அவருக்கு வண்ணமே தேவைப்படவில்லை.

அந்த அச்சுகளைப் பற்றிப் படித்த பிறகே, கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்களுக்கு இருந்த வீட்டின் வரைபடத்தைப் போட்டுத் தருமாறு அத்தையைக் கேட்டேன். 2011 டிசம்பர் 30 அன்று கரை கடந்த தானே புயலில் பாதி ஓடுகளை இழந்து, பின்னர் விற்கப்பட்டுவிட்ட வீடு அது. நாட்காட்டித் தாளின் பின்புறத்தில், நடுங்கும் கையால், "அளவெல்லாம் கேக்காதப்பா, நடந்து பாத்தாத்தான் தெரியும்" என்றபடி வரைந்தார். கூடத்தைவிட அடுப்பங்கரை பெரிதாக வந்தது. ஆண்கள் உட்கார்ந்து பேசிய திண்ணை ஒற்றைக் கோடாக ஒடுங்கியது. கிணற்றடியை அழுத்தி, கோட்டின்மேல் கோடாக இழுத்தார். தாத்தா கடைசிவரை படுத்த படுக்கையாக இருந்த அறைக்கு மட்டும் சன்னல் போடவில்லை. எனக்கு அந்தச் சன்னல் நன்றாக நினைவிருக்கிறது. கேட்டதற்கு, "அத எங்க தெறக்க உட்டாரு?" என்றார்.

முதுமையைப் பற்றிய ஓவியம் என்று சுருக்கம் விழுந்த முகங்களைக் காட்டும் கண்காட்சிகளில், அந்தச் சன்னல் அளவுக்கு எதுவும் என்னை நிறுத்தியதில்லை. ஓவியரான நண்பர் ஒருவர், கோடுகளை நேராக்கி, அளவுகளைச் சரிசெய்து, சட்டமிட்டுத் தருவதாகச் சொன்னார்; மறுத்துவிட்டேன். மாட்டுக்கொட்டகையை விட்டுவிட்டதாக நேற்று அத்தை தொலைபேசியில் அழைத்துச் சொன்னார். அந்தத் தாளில் அதற்கு இடமில்லாததால், பின்பக்கத்து வேலியை ஒட்டி இன்னொரு தாளைப் பசை தடவி ஒட்டி, அடுத்த ஞாயிற்றுக்கிழமை எடுத்துப்போக வேண்டும்.